சாகர் நகரின் கல்வி ஏணி

மத்தியப் பிரதேச மாநிலத்தின் புந்தேல்கண்டுப் பகுதியில் அமைந்த நகரம் சாகர். நகரின் நடுவே பெரிய ஏரி ஒன்று உள்ளது. குன்றின்மேல் பல்கலைக்கழகம் ஒன்றும் உள்ளது. அப்பல்கலைக்கழகம் தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

1870-ஆம் ஆண்டு சாகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஹரிசிங் கௌர். அவர் தொடக்கக் கல்வியை உள்ளூரில் பெற்றார். மேற்கல்விக்காக ஜபல்பூருக்கும் நாகபுரிக்கும், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கும் சென்றார். சட்ட அறிஞராகப் புகழ்பெற்ற அவர், 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

ஊரை விட்டுச் சென்றதால் கௌர் உயர்கல்வி பெற்றார். ஆனால், எல்லாராலும் அவ்வாறு செல்ல இயலுமா? விடுதிச் செலவுக்கு வழியற்ற பெற்றோர் பலர். பெண்மக்களைத் தொலைவிற்கு அனுப்பத் தயங்குவோரும் பலர். இத்தகைய வீடுகளில் பிள்ளைகளின் கல்வி பள்ளியோடு நின்றுவிடும். கல்லூரி அருகில் இருந்தால் அந்நிலை மாறும்.

1946-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று சாகர் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதற்காகக் கௌர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து 20 இலட்சம் ரூபாய் வழங்கினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

2009-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒரு சட்டத்தால் சாகர் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மற்றொரு சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது.

இவ்வாறு கல்வி ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் வலுப்பெற்றன. இடையில் உள்ளவை 9 முதல் 12 வரையிலான வகுப்புகள். பதினான்கு வயதோடு அவ்வுரிமை முடிந்துவிடுவதால், எட்டாம் வகுப்புக்குப்பின் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் குன்றின்மேல் உள்ள பல்கலைக்கழகம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. குறைந்த செலவில் அந்த இடைப்படிகளை ஏற்றிவிடுபவை அரசுப் பள்ளிகளே. பல்கலைக்கழகம் உள்ள ஊரிலும் நல்ல பள்ளி இருந்தால்தான் ஏணி முழுமை பெறும்.

சொற்பொருள்

இயலும் – முடியும்
தயங்குதல் – துணியாது பின்வாங்குதல்
இயற்றுதல் – உருவாக்குதல்

வினாக்கள்

1. ஹரிசிங் கௌர் மேற்கல்விக்காக எவ்வூர்களுக்குச் சென்றார்?
2. 2009-ஆம் ஆண்டின் இரு சட்டங்களால் விளைந்த பயன்கள் யாவை?
3. 'கண்ணுக்குத் தெரியும்; கைக்கு எட்டாது' – இத்தொடரை விளக்குக.
4. உம் ஊரில் எட்டாம் வகுப்புக்குப்பின் கற்க உள்ள வாய்ப்புகளைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.