பள்ளிப் படிப்பின் பயன் யாது?

எட்டாண்டுகள் பள்ளி சென்ற கிராமத்துச் சிறுவன், தாவரங்கள் உணவு தயாரிக்கும் முறையைப் பிழையின்றி ஒப்புவிக்கக்கூடும். ஆனால், தந்தையின் வயலில் பயிர் ஏன் வெளிறுகிறது என்று ஆராய அவன் அறியாதிருந்தால், அவன் பெற்றது கல்வியா, வெறும் சான்றிதழா?

இவ்வினாவிற்குச் செயல்முறையில் விடை காண முயன்றது ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், இரு தொண்டு நிறுவனங்கள் அரசின் இசைவுடன் 1972-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கின. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து, எளிய கருவிகளைக் கொண்டு தாமே சோதனைகள் செய்தனர். வயல்வெளிக்குச் சென்று செடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தனர். கண்டதைத் தாமே எழுதினர்.

தேர்வையும் மாற்றியமைத்ததே இத்திட்டத்தின் தனிச்சிறப்பாகும். மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்தே விடை எழுத முடிந்தது. செய்முறைத் தேர்வும் இருந்தது. ஆகவே, மனப்பாடம் செய்வதால் பயன் ஏதும் இருக்கவில்லை.

1978-இல் மாவட்டம் முழுமைக்கும், பின்னர் பிற மாவட்டங்களுக்கும் பரவிய இத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்தியது. அது நடைபெற்ற ஆண்டுகளிலும், எட்டாம் வகுப்பைக் கடந்த மாணவர் மீண்டும் மனப்பாடத் தேர்விற்கே திரும்ப வேண்டியிருந்தது. மூன்றாண்டுகள் கேள்வி கேட்கப் பழகியவரிடம், அடுத்த வகுப்பு ஆயத்த விடைகளையே எதிர்பார்த்தது.

தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே பள்ளி கற்பிக்கும். வேலைவாய்ப்பு எதை மதிக்கிறதோ அதையே பெற்றோர் நாடுவர். இவ்விரண்டையும் விடுத்துப் பாடநூலை மட்டும் திருத்துவது, வாய்க்காலைச் செப்பனிட்டு மதகை மூடி வைப்பதை ஒக்கும்.