சிங்கப்பூர்ச் சம்பளமும் தோட்டத்துப் பள்ளியும்

அன்புள்ள மருமகனே,

எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறேன், படிப்பில் என்ன இருக்கிறது மாமா என்று எழுதியிருக்கிறாய். உன் கணக்கில் பிழை இல்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் காலம். அங்கே கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர் இங்கே டிப்ளோமா முடித்தவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பது ஜொகூர் பாருவில் எல்லாரும் அறிந்த சங்கதி. சம்பளத்துக்குத்தான் படிப்பு என்றால், வாதத்தில் நீ ஜெயித்துவிட்டாய். (உன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.)

ஆனால் வேலைக்கு வேண்டிய அளவு படித்தால் போதும் என்பது உன் யோசனை இல்லையப்பா. ரப்பர்த் தோட்ட முதலாளிகளின் பழைய யோசனை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது, கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நடத்தினார்கள். பல இடங்களில் ஒரு கொட்டகைதான் பள்ளி. வாத்தியார் சில சமயம் வேலை வாங்கும் கங்காணி, சில சமயம் கணக்கெழுதும் கிராணி. பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போகாது, பிள்ளை வளர்ந்ததும் பால்மரம் வெட்டப் போகும். அதற்குமேல் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

தோட்டத்து மக்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கியது. அப்போது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அதன் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் அந்த நூலகத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். கொடுத்ததால் சம்பளமும் ஒரு காசு ஏறவில்லை. படிப்பு எதற்கு என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். நம் நிலைமை ஏன் இப்படி இருக்கிறது என்று தானே படித்து, தானே கேட்கத் தெரிய வேண்டும். கிராணி எழுதிய கணக்குக்குக் கைநாட்டு வைத்தவர்களுக்கு, அது தெரியாததன் விலை தெரியும்.

சிங்கப்பூருக்குப் போவதானால் போ, தடுக்கமாட்டேன். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கடைசி வரிவரை படி. புரியாத இடத்தில் கோடு போட்டு எனக்கு அனுப்பு. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்தையும் கையோடு போட்டுவிடு. இடம் கிடைத்தால் அப்புறம் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா