மூன்று நானோமீட்டர் தங்கம்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். தங்கம் எளிதில் வினைபுரியாத உலோகம் என்று நடத்தி முடித்த மறுநாள், தங்க நானோ துகள் கார்பன் மோனாக்சைடை அறை வெப்பநிலையிலேயே கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் என்று எங்கோ படித்ததாக ஒரு மாணவி வந்து நின்றாள். இரண்டும் எப்படி உண்மையாகும்? உண்மை என்றால் வண்டிகளின் புகைக்குழாயில் ஏன் இன்னும் பிளாட்டினம் இருக்கிறது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டும் உண்மைதான். 1987 வரை வேதியியலாளர்களில் பெரும்பாலோர் நீங்கள் நடத்திய பாடத்தைத்தான் நம்பினார்கள். அந்த ஆண்டில் ஜப்பானின் ஒசாகாவில் அரசு ஆய்வகமொன்றில் பணியாற்றிய மசாதாகே ஹருதாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளின் மேல் மிக நுண்ணிய தங்கத் துகள்களைப் படியவைத்தால், பூஜ்ஜியத்துக்கு 70 டிகிரி செல்சியஸ் கீழேகூட கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது என்று அதில் காட்டினார்கள்.

அதற்கு முன் யாரும் தங்கத்தைச் சோதிக்காமல் இல்லை. தயாரித்த விதம்தான் காலை வாரியது. தங்கக் குளோரைடு கரைசலில் ஆக்சைடுத் தூளை ஊறவைத்து, உலர்த்திச் சூடாக்குவது வழக்கமான முறை. அதில் தங்கிவிடும் குளோரைடு, தங்க அணுக்களை நகரவிட்டுப் பெரிய பெரிய துகள்களாகத் திரட்டிவிடும். ஹருதா குழு தங்கத்தையும் ஆக்சைடாகப்போகும் உலோகத்தையும் ஒரே கரைசலிலிருந்து சேர்த்து வீழ்படிவாக்கி, குளோரைடைக் கழுவி நீக்கி, பிறகு சூடாக்கியது. துகள்கள் பத்து நானோமீட்டருக்குள் அடங்கின. கழுவுவது சில்லறை வேலையாகத் தோன்றலாம். இந்தத் துறையில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது.

மூன்று நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ 800 தங்க அணுக்கள் இருக்கும். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிப்பரப்பில் நிற்கும். கட்டித் தங்கத்தின் உள்ளே ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்கள். நுண்துகளின் மூலையில் நிற்கும் அணுவுக்கு அதில் பாதிதான் துணை. பிணைப்புக்கு இடமுள்ள அந்த அணுக்களில் கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டுகிறது.

ஆனால் சிறிதாக இருப்பது மட்டும் போதாது. உங்கள் மாணவியிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். அதே அளவுத் தங்கத்தை சிலிக்காவின் மேல் வைத்தால் வேகம் வெகுவாகக் குறைகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு ஆகியவற்றின் மேல் வைத்தால் பாய்கிறது. காரணம், தங்கமும் ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு. தங்கத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்க, ஆக்சிஜன் அந்த விளிம்பில்தான் வினைக்குத் தயாராகிறது. துகள் சிறிதாகச் சிறிதாக, ஒரே எடைத் தங்கத்துக்கு விளிம்பின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. தாங்கி என்று நாம் பெயர் வைத்த ஆக்சைடு வெறுமனே தாங்கவில்லை, வினையில் பங்கெடுக்கிறது. காற்றில் இருக்கும் சிறிது ஈரப்பதமும் இந்த வினைக்கு உதவுகிறது.

பிளாட்டினத்தின் சிக்கல் வேறு. குளிர்ந்த பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு மிக இறுக்கமாக ஒட்டி, இடம் முழுவதையும் பிடித்துவிடும். பேருந்தில் எல்லா இருக்கையும் நிறைந்தபின், அடுத்தடுத்து இரண்டு இடம் தேடும் தம்பதி ஏறியதுபோல், இரண்டாகப் பிரிந்து அமர வேண்டிய ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இடமே கிடைக்காது. வெப்பம் ஏறி, ஒட்டியவற்றில் சில எழுந்துபோனால்தான் வினை தொடங்கும். இந்தப் பரப்பு வினையை அடி அடியாக விளக்கிய ஜெர்மானியர் கெரார்ட் எர்ட்டில் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் புகை மிக மோசமாக இருப்பதற்கு, புகைக்குழாயில் பிளாட்டினத்தைத் தாங்கி நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இன்னும் சூடாகாததும் முக்கியக் காரணம்.

அப்படியானால் அங்கே தங்கத்தை வைக்கலாமே என்றால், வண்டி சூடானபின் அது நிலைக்காது. எஞ்சினை ஒட்டிய கன்வெர்ட்டரில் வெப்பம் 800 டிகிரியைத் தாண்டக்கூடும். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில், பிளாட்டினம் 1,768-இல். உருகுநிலைக்கு வெகு கீழேயே நுண்துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். துகள் பெருத்தால், நீங்கள் வகுப்பில் சொன்ன பழைய மந்தத் தங்கம்தான் மிஞ்சும். அதனால் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் அலுமினாவின் மேல் அமர்ந்து புகைக்குழாயை ஆள்கின்றன. உடன் இருக்கும் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்து, குறையும்போது கொடுக்கிறது. தங்கத்துக்குப் பொருத்தமான இடம், மூடிய அறைக் காற்றைச் சுத்தம் செய்வது போன்ற குளிர்ந்த வேலைகள்.

ஆகவே பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. கட்டியாக இருக்கும் தங்கத்துக்கு அது பொருந்தும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். தங்கமும் ஆக்சைடும் தொடும் விளிம்பில் ஆக்சிஜன் எந்த வடிவத்தில் வினைபுரிகிறது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் முடியவில்லை. இப்படிக் கேட்கத் தெரிந்த பெண்ணை வேதியியலிலேயே மேலே படிக்க வையுங்கள்.