கிரீச் சத்தம் போடாத கட்டிலுக்கு...

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் உத்திரக் கட்டைக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச ஆள் போய்விடும். அப்படி நாலு கட்டை வாங்கிப் போட்டு வீட்டிலேயே கட்டில் செய்ய இறங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். ஆடுகிற கட்டிலில் பெரும்பாலும் மரம் நன்றாகத்தான் இருக்கும், மூட்டுதான் போயிருக்கும். அதனால் மரத்தின் கனத்தில் மிச்சம் பிடித்தாலும் மூட்டில் பிடிக்காதீர்கள்.

1. தலைமாடு, கால்மாடு இரண்டையும் கழுந்து (சட்டத்தின் நுனியில் செதுக்கும் நாக்கு), அது இறங்கத் துளை வைத்து, பெவிகால் தடவி நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள். நீளச் சட்டங்கள் இரண்டை மட்டும் போல்ட்டில் மாட்டுங்கள். பழைய வீட்டு மாடிப்படியில் முழுக் கட்டில் ஏறாது. இப்படிச் செய்தால் கழற்றி நாலு துண்டாகத் தூக்கிவிடலாம். மூட்டுக்கு மூட்டு உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு என்று அடையாளம் போட்டுவையுங்கள்.

2. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குலம். பாதி தூரம் கையால் அழுத்தியே போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளி. ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளந்துவிடும்.

3. கிளாம்ப் இல்லையா? மூங்கில் ஆணி போதும். கழுந்தில் போடுகிற ஓட்டையை, காலில் போட்ட ஓட்டைக்கு நேராக இல்லாமல், அரை நூல் அளவு சட்டத்தின் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். ஆணி இறங்க இறங்கச் சட்டம் தானாகவே காலோடு ஒட்டிக்கொள்ளும்.

4. சட்டத்தைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். 4 அங்குல உயரத்தை 6 அங்குலமாக்கினால் வளையாமல் நிற்கும் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். மரமோ ஒன்றரைப் பங்குதான் செலவு.

5. மூலைக்கு ஒரு போல்ட் போட்டால் சட்டம் அதைச் சுற்றியே திரும்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று போடுங்கள். சட்டத்தின் வெட்டுமுகத்தில் வெறும் ஸ்க்ரூவை நம்பவே வேண்டாம், நாரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

6. கட்டில் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து முட்டுக் கொடுங்கள். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக ஆடினால், காலுக்கும் நீளச் சட்டத்துக்கும் சாய்வாக ஒரு கட்டை. சதுரம் கோணினால், உள்மூலையில் முக்கோணக் கட்டை. அறுத்து மிஞ்சிய துண்டே போதும். ஆடிப்பூரத் தேரை முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவதைப் பார்த்தவர்களுக்கு, இடம் பார்த்து வைத்த சின்னக் கட்டையின் பலத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

7. போல்ட்டைக் கடைசியாக இறுக்கும் முன், மூலைக்கு மூலை குறுக்காகச் சணல் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி.

8. 5 அடி, 6 அடி அகலக் கட்டிலுக்கு நடுச்சட்டமும் அதற்கு ஒரு காலும் கட்டாயம். நடுக்காலை அரை நூல் குட்டையாகவே அறுத்து, அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். நீளமாகப் போனால் கட்டில் அதன் மேல் ஊசலாடும்.

9. தோப்பில் விழுந்த மாமரம் மலிவாகக் கிடைத்தால் மெத்தையைத் தாங்கும் ரீப்பருக்கு வைத்துக்கொள்ளலாம், காலுக்கு வேம்போ வாகையோ பாருங்கள். எதுவானாலும் பச்சை மரம் வேண்டாம். காய்ந்து சுருங்கினால் கழுந்து தளர்ந்துவிடும்.

10. இலவம்பஞ்சு மெத்தை என்றால் ரீப்பர் இடைவெளி ஒரு அங்குலம் போதும், இல்லாவிட்டால் பஞ்சு பள்ளம் விழும். பலகையால் முழுக்க அடைத்துவிடாதீர்கள், மெத்தைக்கு அடியிலிருந்து காற்று வேண்டும்.

11. கிரீச் சத்தத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்! துண்டு வெட்டி ரீப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் வையுங்கள். ஸ்க்ரூ மரையில் மெழுகுவத்தி தேய்த்தால் கை வலி மிச்சம்.

12. ஐப்பசி மழையில் மரம் ஊதியிருக்கும்போது போல்ட்டை முறுக்காதீர்கள். சித்திரை வெயிலில் சுருங்கியிருக்கும்போது ஒரு சுற்றுப் பாருங்கள். அந்த ஸ்பேனரைத் தலைமாட்டுக்குப் பின்னாலேயே ஆணியில் மாட்டிவிட்டால் அடுத்த வருஷம் தேட வேண்டாம்.