முதுகில் ஒரு வாரச் சாப்பாடு

கேள்வி: சகாரா பாலைவன மாரத்தானில் ஓடுபவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சுமக்க வேண்டுமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். மொராக்கோவில் 1986 முதல் நடக்கும் 'மாரத்தான் தே சாப்ல்' போட்டியில் ஒரு வாரத்தில் சுமார் 250 கி.மீ. கடக்க வேண்டும். தண்ணீரும் இரவில் கூடாரமும் அமைப்பாளர்கள் தருவார்கள். உணவு, தூங்கும் பை, விஷம் உறிஞ்சும் பம்ப் எல்லாம் அவரவர் முதுகில். ஒரு நாளைக்குக் குறைந்தது 2,000 கலோரி உணவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பையைச் சோதிப்பார்கள். பையின் எடை 6.5 கிலோவுக்குக் குறையவும் கூடாது, 15 கிலோவைத் தாண்டவும் கூடாது. எடை குறைக்க டூத் பிரஷ்ஷின் கைப்பிடியையே அறுத்துவிட்டு வருபவர்கள் உண்டு!

ஆளைக் கவிழ்ப்பது வெயில் மட்டுமல்ல, பாதமும்தான். ஷூவுக்குள் மணல் புகுந்தால் கொப்புளம்தான். அதற்காகவே துணி உறையை வெல்க்ரோவால் ஷூவைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறார்கள்.

1994 போட்டியில் இத்தாலியரான மௌரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் வழி தவறி அல்ஜீரியாவுக்கே போய்விட்டார். வௌவால் ரத்தம் குடித்து உயிர் பிழைத்ததாகச் சொன்னார். சில வருடங்கள் கழித்து அதே போட்டிக்கு மறுபடியும் வந்து ஓடினார். சிலருக்கு வைராக்கியம் அப்படி!