விருந்தினர் தட்டு



பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைக் கண்டிருப்பீர்கள். அது 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். பின்னர் அச்சொல் புதிதாய் வருபவரையும் குறித்தது.

இன்று மாலை அண்டைவீட்டுக் கன்னடக் குடும்பத்தார் முதன்முறையாக உங்கள் இல்லத்திற்கு வருகின்றனர் எனக் கொள்வோம். சிற்றுண்டித் தட்டை அடுக்கும் பணி உங்களுடையது. ஊரிலிருந்து வந்த மணப்பாறை முறுக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் உள்ளன. இவ்வூர்க் கடையில் வாங்கிய நிப்பட்டும் தட்டையும் உள்ளன. நிப்பட்டும் தட்டையும் உடன்பிறந்தவை போன்றவை. அவற்றை அருகருகே வைத்தால் உரையாடல் தானே தொடங்கும்.

நறுக்கிய பழங்களைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஈரம் பட்டால் முறுக்கு நமுத்துவிடும். இனிப்பைத் தவிர்க்கும் முதியவர்க்குக் கொய்யாத் துண்டுகள் ஏற்றவை.

அனைத்திற்கும் முன்னர், "எவருக்கேனும் ஒவ்வாத உணவு உண்டா?" எனக் கேட்டறியுங்கள். நிலக்கடலை சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும், உயிருக்கே தீங்காகலாம். அத்தகையோர் வரும் நாளில் கடலைமிட்டாயை மட்டும் நீக்கினால் போதாது. நிப்பட்டிலும் பெரும்பாலும் நிலக்கடலை கலந்திருக்கும். அதனையும் தட்டில் வைத்தலாகாது.

வருபவரை எண்ணி அடுக்குவதே தட்டிற்கு அழகு. நம் குடும்பத்தாரும் ஒருநாள் இந்நகருக்குப் புதியவராய் வந்தவரே அல்லரோ?

பயிற்சி

1. 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் யாது?
2. நிப்பட்டை எப்போது தட்டில் வைத்தலாகாது? ஏன்?
3. உங்கள் இல்லத்தாரை இந்நகரில் முதலில் வரவேற்றவர் யார்? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.