திருவனந்தபுரத்தில் தமிழ் நாடகம் போட வரும் பிள்ளைகளுக்கு

வருகிற சீசனில் தமிழ் நாடகம் ஒன்றை மேடையேற்றப் போகிறோம் என்று நீங்கள் வந்து சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன், மக்களே.

1. முதலில் பாருங்கள். வழுதக்காட்டு டாகூர் தியேட்டரில் மலையாள நாடகம் நடக்கும்போது பின்வரிசையிலாவது போய் உட்காருங்கள். மார்கி அரங்கில் கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டம் என்றால் தவறவே கூடாது. ராவணன் கைலாய மலையைப் பார்க்கும் இடம் ஒன்று வரும். மிழாவு முழங்கும், விளக்கின் முன்னே நடிகரின் கண் மட்டும் அடிவாரத்தில் தொடங்கி இஞ்ச் இஞ்சாக மேலே ஏறும். உச்சியைத் தொடும்போது நமக்கும் கழுத்து நிமிர்ந்துவிடும். மேடையில் செட் என்று ஒன்றும் கிடையாது. யுனெஸ்கோ 2001இல் அங்கீகரித்த கலை, நம் வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் செட் செலவைப் பற்றிப் பேசுங்கள்.

2. பாடம் முழுசாக வராமல் லைட், மேக்கப் பேச்சை எடுக்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறான் என்ற தைரியம் நடிகனைக் கெடுக்கும்.

3. நாக்கைப் பழக்குங்கள். இங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். ல, ள, ழ மூன்றையும், ன, ண இரண்டையும் அன்றாடப் பேச்சிலேயே பிரித்துப் பேசுகிறவர்கள். 'மழை' என்பது 'மளை' ஆனால் சென்னையில் யாரும் கவனிக்காமல் விடலாம். இங்கே உடனே காதில் உறுத்தும். ஒத்திகையில் தினமும் கால் மணி நேரம் வசனத்தை உரக்கப் படியுங்கள்.

4. மொழி புரியாதவர்களுக்காகத் தமிழைக் கலப்படம் செய்யாதீர்கள். காவாலம் நாராயண பணிக்கர் இந்த ஊரில் சோபானம் குழுவை வைத்துக்கொண்டு சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் மத்தியம வியாயோகம், கர்ணபாரம், ஊருபங்கம் எல்லாவற்றையும் சமஸ்கிருதத்திலேயே போட்டார். 2001இல் கர்ணனாக மோகன்லால் நடித்ததும் அந்த மொழியில்தான். தாளமும் நடையும் உடம்பும் சொன்னதைச் சபை புரிந்துகொண்டது. நீங்களும் உடம்பைப் பேச வையுங்கள்.

5. ஹாலைக் கையில் வாங்கும் முன் காலண்டரைப் பாருங்கள். டிசம்பரில் திரைப்பட விழா வந்தால் டாகூர் தியேட்டர் நமக்குக் கிடைக்காது. ஆற்றுகால் பொங்காலைத் திருவிழா சமயத்தில் கிழக்கேகோட்டை, கிள்ளிப்பாலம் பக்கம் வண்டி நகராது. மானவீயம் வீதியில் வீதி நாடகம் போட ஆசையென்றால் துலாவர்ஷ மழையை மறக்காதீர்கள். சாயங்காலம் இடி இடித்தால் மைக்கும் போச்சு, கூட்டமும் போச்சு.

6. ஒத்திகை முடியும் நேரத்தைப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் வீடு போய்ச் சேர வழி செய்த பிறகுதான் மற்றவர்கள் டீ குடிக்கப் போக வேண்டும். அம்மா, மனைவி வேஷம் மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கூடியாட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண் வேஷம் கட்டியவர்கள் நங்கியார்கள். தனியாக மேடையை ஆளும் நங்கியார் கூத்தும் அவர்களுடையது.

7. வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினால் 'வாழ்த்துகள்' வரும், ஆள் வராது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனை, வலியசாலைத் தெருக்களிலும் நேரில் போய்க் கூப்பிடுங்கள்.

8. குரு யார் என்று மொழி பார்த்துத் தேடாதீர்கள். மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை 1967இல் சாஸ்தாம்கோட்டையில் நாடகக் களரி தொடங்கினார். 1977இல் காந்திகிராமத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாடகப் பட்டறை நடந்தபோது சே. ராமானுஜத்தோடு நின்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. தமிழ் நவீன நாடகத்தில் பிறகு பேர் சொல்லும்படி வந்த பலர் அங்கே பழகியவர்கள். அந்தக் கடன் நமக்கு இருக்கிறது. இங்குள்ள மலையாளக் குழுக்களில் திரை இழுக்கும் வேலை கிடைத்தாலும் போய்ச் சேருங்கள்.

9. இங்கே நாம் விருந்தாளிகள் என்ற கூச்சம் வேண்டாம். தமிழ் நாடக நடிகர் அவ்வை தி.க. சண்முகம் 1912இல் பிறந்தது இந்த ஊரில். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை, 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டபோது வாழ்ந்ததும் இங்கேதான். அதன் வாழ்த்துப் பாடலைத் தமிழ்நாடே எழுந்து நின்று பாடுகிறது. நாடகத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. படிக்கத்தான் லாயக்கு என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆசிரியப்பாவை மூச்சுவிடும் இடம் பார்த்துப் பிரித்தால் நன்றாகப் பேச வரும். முழுவதும் முடியாவிட்டால் ஒரு களத்தையாவது எடுத்து, இந்த வருஷமே மேடையேற்றுங்கள்.